குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம்: பச்சிளம் குழந்தைப் பரிசோதனையும் பெற்றோர் மனசும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகனுக்கு ஜி6பிடி குறைபாடு, அதாவது ரத்தத்தில் ஒரு என்சைம் குறைவு, இருக்கிறது. பிறந்த 3-ஆம் நாள் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தில் அது தெரியவந்தது. இப்போது அவனுக்கு 8 வயது. தெருவில் கிரிக்கெட் ஆடிவிட்டு முழங்காலில் சிராய்ப்போடு வருகிற சாதாரணப் பையன். இந்த எட்டு வருடத்தில் சொந்தத்திலும் தெரிந்தவர்கள் வழியாகவும் எத்தனையோ பேர் என்னை அழைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் இரவில். "ரிப்போர்ட்ல ஏதோ வந்திருக்காம், உங்களுக்குத் தெரியும்னு சொன்னாங்க" என்று ஆரம்பிப்பார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

நான் மருத்துவர் இல்லை. மருந்து, அளவு, சிகிச்சை எல்லாம் உங்கள் குழந்தைநல மருத்துவரிடம் கேட்க வேண்டியவை. அந்த நாட்களில் மனசு படுகிற பாட்டைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன்.

இந்தப் பரிசோதனையில் என்னதான் பார்க்கிறார்கள்?

பிறந்து 48 மணி நேரத்துக்கு மேல் ஆன குழந்தையின் குதிகாலில் குத்தி, சில சொட்டு ரத்தத்தைத் தடித்த வடிதாள் அட்டையில் வட்டம் வட்டமாக நனைத்துக் காயவைத்து, ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். வெளியே எதுவும் தெரியாத, ஆனால் முன்னாலேயே கண்டுபிடித்தால் தடுத்துவிடக்கூடிய கோளாறுகளைத் தேடுவதுதான் நோக்கம். நம் ஊரில் பெரும்பாலும் தைராய்டு சுரப்புக் குறைவு, அட்ரினல் சுரப்பிக் கோளாறு, ஜி6பிடி மூன்றையும் பார்ப்பார்கள். கூடுதலாகப் பணம் கட்டினால் ஐம்பதுக்குப் பக்கமாகப் பார்க்கும் தொகுப்புகளும் உண்டு. இந்தியாவில் இது எல்லாக் குழந்தைக்கும் கட்டாயம் என்று இன்னும் ஆகவில்லை.

இந்த வடிதாள் முறையைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் இருந்த ராபர்ட் குத்ரி. அவருடைய மகனுக்கு மனவளர்ச்சிக் குறைபாடு இருந்தது. அவருடைய உறவில் ஒரு குழந்தைக்கு ஃபீனைல்கீட்டோனூரியா என்ற நோயைத் தாமதமாகத்தான் கண்டுபிடித்தார்கள். அதற்குள் மூளை பாதிக்கப்பட்டுவிட்டது. அந்த வேதனையில் பிறந்த பரிசோதனை இது. 1960-களின் தொடக்கத்தில் பரவத் தொடங்கியது. பெற்றோரைப் பயமுறுத்துவதற்கு யாரோ கண்டுபிடித்ததல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

'ரிப்பீட் சாம்பிள்' கேட்டால் நோய் உறுதி என்று அர்த்தமா?

இல்லை. இது முதல் சல்லடை. ஒரு நோயாளிக் குழந்தைகூடத் தவறிவிடக் கூடாது என்பதற்காகக் கண்ணைச் சிறியதாக வைத்திருக்கிறார்கள். அதனால் நோயில்லாத பல குழந்தைகளும் அதில் சிக்கிக்கொள்கின்றன.

ஓர் உதாரணம். பிறந்த முதல் நாளில் எல்லாக் குழந்தைக்கும் டி.எஸ்.எச். என்ற, தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் இயற்கையாகவே எகிறும்; பிறகு தானே இறங்கும். சீக்கிரம் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று 24 மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்துவிட்டால், நல்ல குழந்தைக்கும் தைராய்டு கோளாறு போலக் காட்டும். குறைமாதக் குழந்தைகளுக்கு அட்ரினல் பரிசோதனையிலும் இப்படி ஆவது சகஜம். அதனால் முதலில், எத்தனை மணி நேரத்தில் ரத்தம் எடுத்தார்கள் என்று கேளுங்கள்.

ஆனால் ரிப்பீட் கேட்டால் தள்ளிப்போடாதீர்கள். "நல்லாத்தானே பால் குடிக்கிறான்" என்று ஒரு வாரம் விடுவது சில நோய்களில் ஆபத்து.

போன் வந்ததிலிருந்து தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. எனக்கு மட்டும்தான் இப்படியா?

உங்களுக்கு மட்டும் இல்லை. எனக்கு வந்த அழைப்பைச் சொல்கிறேன்.

பிள்ளை பிறந்து 9-ஆம் நாள். அம்மா வீட்டில் இருந்தேன். பாட்டி அவனைக் காலில் போட்டுக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, தூளியில் கிடத்தியிருந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம். போனில் ஒரு பெண்: "மேடம், பேபி ரிப்போர்ட்ல ஒண்ணு அப்நார்மல்னு வந்திருக்கு. திங்கக்கிழமை ரிப்பீட் எடுக்க வாங்க." எது அப்நார்மல் என்று கேட்டேன். "டாக்டர் சொல்வாங்க மேடம்." அவ்வளவுதான்.

வெள்ளி மத்தியானத்திலிருந்து திங்கள் காலைவரை நான் வாழ்ந்த நேரத்தை இன்னும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்தது. ஒரே ஒரு வரி மட்டும் சிவப்பில். அதை இணையத்தில் தேடினேன். ரத்தம் சிதையும், சிறுநீர் கோலா நிறத்தில் போகும், மூளைக்கு மஞ்சள் காமாலை ஏறும் என்றெல்லாம் இருந்தது. அன்று இரவு இரண்டு மணிக்கு, எல்லாரும் தூங்கிய பிறகு, பிள்ளையின் ஈரத் துணியை எடுத்து, போன் டார்ச் வெளிச்சத்தில் நிறம் பார்த்தேன். வெளுத்த வேட்டித் துணி. லேசான மஞ்சள். இது மஞ்சளா, பழுப்பா? டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனேன், தள்ளிப் பிடித்தேன். ஒவ்வொரு துணியையும் அப்படிப் பார்த்தேன். திங்கட்கிழமைக்குள் பதினெட்டு துணி. எண்ணி வைத்திருந்தேன்.

பிரசவம் ஆன உடம்பு, தூக்கமில்லாத கண், ஊறிக்கொண்டே இருக்கும் பால், இதற்கு நடுவில் அர்த்தம் சொல்லாத ஒரு வார்த்தையைக் கொடுத்து மூன்று நாள் காத்திரு என்றால் யாராக இருந்தாலும் இப்படித்தான் ஆவார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலைப் பாதிக்கும் ஒரு பரம்பரை நோய்) பரிசோதனையில் சிக்கிய குழந்தைகளின் பெற்றோரிடம் பேசிப் பதிவுசெய்தவர்களும் இதையேதான் கண்டார்கள்: உறுதிப் பரிசோதனைக்குக் காத்திருக்கும் அந்தச் சில நாட்கள்தான் கொடுமை. காத்திருப்பு குறைந்தால், விவரம் தெரிந்த ஒருவர் பேசினால், வேதனை குறைகிறது.

அதனால் போன் வந்தால் உடனே மூன்று விஷயம் கேளுங்கள். எந்தக் கோளாறு? இன்றே கவனிக்க வேண்டிய அறிகுறி என்ன? மறுபரிசோதனையை நாளைக்கே எடுக்க முடியுமா? போன் செய்தவருக்குத் தெரியாவிட்டால், "டாக்டர் இன்றைக்கே என்னோடு இரண்டு நிமிடம் பேச வேண்டும்" என்று சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நான் கேட்கவில்லை, கேட்கலாம் என்றே எனக்குத் தெரியாது.

'நோய்' வேறு, 'நோய் வரும் ரிஸ்க்' வேறு என்கிறார்கள். புரியவில்லை.

பிறவித் தைராய்டு குறைவை எடுத்துக்கொள்ளுங்கள். உறுதியானால் அது இப்போதே இருக்கிற கோளாறு. அன்றைக்கே மாத்திரை ஆரம்பிப்பார்கள். தாய்ப்பாலில் கரைத்துக் கொடுத்துவிடலாம். முதல் இரண்டு வாரத்துக்குள் ஆரம்பித்துவிட்டால் அந்தக் குழந்தை மற்ற குழந்தைகளைப் போலவே வளரும். பெற்றோருக்கு முதல் அதிர்ச்சி பெரிது, ஆனால் கையில் ஒரு வேலை இருக்கிறது. தினமும் காலையில் மாத்திரை கொடுக்கிறோம் என்ற அந்த வேலையே மனசைத் தாங்கிப் பிடிக்கும்.

ரிஸ்க் அப்படியில்லை. குழந்தை நன்றாக இருக்கும். நாளைக்கு ஏதோ வரலாம், வராமலும் போகலாம். என் மகனின் ஜி6பிடி இந்த வகை. ரத்தச் சிவப்பணுவைப் பாதுகாக்கும் ஒரு என்சைம் குறைவு. உலகத்தில் ஏறத்தாழ 40 கோடிப் பேருக்கு இருக்கிறது. பலருக்கு வாழ்நாள் முழுக்க எதுவும் ஆவதில்லை. குறிப்பிட்ட சில மருந்து, அந்துருண்டை, ஃபாவா என்ற ஒருவகைப் பயறு, சில நோய்த்தொற்று, பெரும்பாலும் இப்படி ஏதாவது தூண்டினால்தான் அணுக்கள் உடையும்.

இதைவிடவும் மங்கலான ரிஸ்க் உண்டு. டெடி என்ற பெரிய ஆய்வில் அமெரிக்கா, ஸ்வீடன், பின்லாந்து, ஜெர்மனி ஆகிய 4 நாடுகளில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகளுக்கு, டைப்-1 சர்க்கரை நோய்க்கான மரபணு ரிஸ்க் இருக்கிறதா என்று பார்த்தார்கள். குடும்பத்தில் யாருக்கும் அந்த நோய் இல்லாமல் 'ரிஸ்க் அதிகம்' என்று சொல்லப்பட்ட குழந்தைகளில், குழந்தைப் பருவத்தில் நோய் வரும் வாய்ப்பு 100-க்கு 3 அளவில்தான். அதாவது அந்தச் சொல்லைக் கேட்டுக் கலங்கும் 100 வீடுகளில் 97 வீட்டில் அந்த வயதில் அந்த நோய் வரப்போவதே இல்லை. ரிஸ்க் என்று யாராவது சொன்னால், "100 குழந்தையில் எத்தனைக்கு?" என்று கேளுங்கள். 'அதிகம்', 'இரண்டு மடங்கு' என்பதெல்லாம் வயிற்றைக் கலக்கும்; எண்ணிக்கையாகச் சொன்னால் கொஞ்சம் மூச்சு விட முடியும்.

தெரியாமலே இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேனே?

இந்தக் கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். எளிதாக ஒதுக்கிவிடக் கூடிய கேள்வி இல்லை இது. ஒரு நாடு இந்தக் கேள்விக்காகவே ஒரு பரிசோதனையை நிறுத்தியிருக்கிறது.

ஸ்வீடனில் 1972 முதல் 1974 வரை 2 லட்சம் பச்சிளம் குழந்தைகளைச் சோதித்தார்கள். ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்ஸின் என்ற புரதம் குறைவாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். அது குறைந்தவர்கள் சிகரெட் பிடித்தால் நடுத்தர வயதிலேயே நுரையீரல் கெட்டுவிடும். சிலருக்குக் குழந்தைப் பருவத்தில் கல்லீரல் பாதிக்கப்படலாம். கடுமையான வகை 120-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு இருந்தது. நோக்கம் நல்லது. முன்கூட்டியே தெரிந்தால் அப்பா அம்மா வீட்டில் புகைப்பதை விட்டுவிடுவார்கள், குழந்தையும் பின்னாளில் புகையைத் தொடாது என்று நினைத்தார்கள்.

நடந்தது வேறு. பெற்றோரில் பாதிக்கும் மேற்பட்டோர் கடுமையாகக் கலங்கிப்போனார்கள். குழந்தை பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது என்ற எண்ணம் பலருக்குப் போகவே இல்லை. 5 முதல் 7 வருடம் கழித்துப் பேசிப் பார்த்தபோதும் சில தாய்மாரிடம் அந்தப் பயம் அப்படியே இருந்தது. பெற்றோர் புகைப்பதும் நினைத்த அளவுக்குக் குறையவில்லை. திட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

இதோடு கதை முடிந்திருந்தால் 'தெரியாமல் இருப்பதே நல்லது' என்று சொல்லிவிடலாம். ஆனால் அதே குழந்தைகள் வளர்ந்து 18 வயதைத் தாண்டியபோது பார்த்தார்கள். அவர்களில் சிகரெட் பிடிப்பவர்கள் அவர்கள் வயதுக்காரர்களைவிடக் குறைவு. அந்தப் பிள்ளைகளின் நுரையீரலைக் காப்பாற்றிய செய்திக்கான விலையை அவர்களுடைய அம்மாக்கள் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கு இதில் தெரிவது ஒன்றுதான். செய்தி தப்பில்லை, செய்தியைக் கொடுத்துவிட்டு அந்தப் பெண்ணைத் தனியாக விட்டதுதான் தப்பு. என் மகன் விஷயத்தில் தெரிந்துகொண்டதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. சிங்கப்பூரில் 1965 முதல் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி பார்க்கிறார்கள். அங்கே காமாலை மூளைக்கு ஏறிக் குழந்தைகள் பாதிக்கப்படுவது கிட்டத்தட்ட இல்லாமலே போய்விட்டது. அங்கே பிள்ளை பெற்ற நம் தமிழ்க் குடும்பங்கள் பலருக்கு இது தடுப்பூசி அட்டையில் இருக்கும் இன்னொரு வரி, அவ்வளவே. அதே செய்தி எனக்கு மூன்று நாள் நரகமாக வந்தது.

இது என் வழியாக வந்ததா? எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்.

திங்கட்கிழமை மருத்துவர் ஒரு தாளில் எக்ஸ், ஒய் என்று வரைந்து காட்டினார். ஜி6பிடி மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் பிள்ளைக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்துதான் வரும். அவர் சொல்லி முடித்ததும் அறையில் ஓர் அமைதி. வெளியே வந்ததும் அத்தை சொன்னார்: "எங்க பக்கத்துல யாருக்கும் இப்படி ரத்தக் கோளாறு இல்லையேம்மா." குத்திக்காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை, எனக்கு இப்போது தெரியும். அவரும் பயந்துபோயிருந்தார். ஆனால் அன்று ராத்திரி, பால் கொடுக்கும்போது, என் உடம்பிலிருந்து இவனுக்கு விஷம்தான் போகிறதோ என்று நினைத்து அழுதேன்.

கேட்டுக்கொள்ளுங்கள்: தாய் வழியாக மரபணு வந்தது என்பது தாயின் குற்றம் இல்லை. என்னிடம் அது என் அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வந்திருக்கும், அவர்களுக்கு அதற்கு முன்னால் ஒருவரிடமிருந்து. மலேரியா இருந்த நாடுகளில்தான் இந்த மரபணு பரவலாக இருக்கிறது. அந்தக் காய்ச்சலிலிருந்து ஓரளவு காப்பாற்றியதால்தான் அது நிலைத்திருக்கிறது. எங்கள் வம்சத்தில் யாரோ ஒருவர் பிழைத்ததற்கு இது காரணமாக இருந்திருக்கலாம். இதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்குப் பாரம் கொஞ்சம் இறங்கியது.

பாஸ்டனில் நடந்த பேபிசீக் என்ற ஆய்வில் 159 குழந்தைகளின் மரபணுக்களைப் படித்தார்கள். 140 குழந்தைகள் ஏதாவது ஒரு நோய்க்கு 'கேரியர்', அதாவது தனக்கு நோய் இல்லாமல் அதற்கான மரபணுவை மட்டும் சுமப்பவர். பத்தில் ஒன்பது பேர்! யார் வீட்டு ரத்தமும் சுத்த ரத்தம் இல்லை.

சொந்தத்தில் கல்யாணம் பண்ணியதால்தானே இது?

எந்த நோய் என்பதைப் பொறுத்தது. ஜி6பிடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிறவித் தைராய்டு குறைவும் பெரும்பாலும் அப்படி வருவதில்லை. ஆனால் அப்பா, அம்மா இருவரும் ஒரே மரபணுக் கோளாறுக்குக் கேரியராக இருந்தால்தான் வரும் நோய்கள் பல உண்டு. அவற்றில் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு வரும் வாய்ப்பு 4-இல் 1. ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து வந்தவர்கள் கல்யாணம் செய்யும்போது இருவரிடமும் அதே கோளாறு இருக்க வாய்ப்பு கூடுகிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றில் 28 பெண்கள் ரத்த உறவில் மணம் முடித்தவர்கள். அதனால் இது நம் வீட்டுப் பிரச்சினை, மூடி வைக்க வேண்டாம்.

அதே நேரம் அளவும் தெரிய வேண்டும். எந்தத் தம்பதிக்கும் பிறவிக் கோளாறுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு 100-க்கு 2, 3 இருக்கிறது. மாமன் மகன், அத்தை மகள் திருமணத்தில் அதோடு இன்னும் 2, 3 சேரும். தாய்மாமனைக் கட்டியவர்களுக்கு இன்னும் கூடுதல். நடந்து முடிந்த கல்யாணத்தை வைத்து, கையில் குழந்தையோடு நிற்கும் பெண்ணைக் குத்துவதில் யாருக்கும் லாபமில்லை. தாத்தாவும் பாட்டியும் கூடிப் பேசி முடித்த கல்யாணம் அது. பழி மட்டும் அவளுக்கு எப்படி வரும்?

என் வீட்டுக்காரர் எதுவுமே பேசுவதில்லை. அவருக்குக் கவலையே இல்லையா?

பெரும்பாலும் இருக்கிறது. என் கணவர் அந்த மூன்று நாளும் "ஒண்ணும் ஆகாது, விடு" என்று ஒரே வார்த்தைதான் சொன்னார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு மாதம் கழித்து அவர் பர்ஸில் ஒரு துண்டுச் சீட்டு பார்த்தேன். தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பெயரெல்லாம் பொடிப்பொடியாக எழுதி, மடித்து மடித்துக் கிழியும் நிலையில் இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு மருந்துக்கடையிலும் அதை எடுத்துக் காட்டியிருக்கிறார்.

மருத்துவரிடம் போகும்போது இருவரும் சேர்ந்து போங்கள். ஒருவர் மட்டும் கேட்டுவந்து மற்றவருக்குச் சொன்னால், சொல்பவர்தான் பயமுறுத்துகிறார் என்று ஆகிவிடும்.

சொந்தக்காரர்களிடம் சொல்ல வேண்டுமா?

குழந்தையைத் தூக்குகிறவர்கள், அவனுக்கு உணவோ மருந்தோ கொடுக்கக்கூடியவர்கள், இவர்களுக்குத் தெரிய வேண்டும். உங்கள் அக்கா தங்கைகளுக்கும் தெரிய வேண்டும். அவர்கள் பிள்ளைகளுக்கும் இருக்கலாம். மற்றவர்களுக்குச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம்.

பெண் குழந்தை 'கேரியர்' என்றால் நாளைக்கு மாப்பிள்ளை வீட்டில் பிரச்சினை வருமே என்று பயந்து ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டவர்களை எனக்குத் தெரியும். கிழிக்காதீர்கள். அது அவளுடைய சொத்து, அவளுக்கு ஒருநாள் தேவைப்படும். பீரோவில் பத்திரமாக வையுங்கள்.

மறுபரிசோதனையில் 'நார்மல்' என்று வந்துவிட்டது. ஆனாலும் பயம் போகவில்லை. ஏன்?

இது நிறையப் பேருக்கு நடக்கிறது, யாரும் பேசுவதில்லை. "அதான் ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்கள்ல" என்று மற்றவர்கள் நகர்ந்துவிடுவார்கள். அமெரிக்காவில் இப்படிப் பொய் எச்சரிக்கை வந்த குழந்தைகளின் பெற்றோரை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டார்கள். எந்த எச்சரிக்கையும் வராத பெற்றோரைவிட அவர்களிடம் மன அழுத்தம் கூடுதலாக இருந்தது. ஒருமுறை 'இவனை இழந்துவிடுவோமோ' என்று நினைத்த மனசு, சும்மா ஒரு தாளைக் காட்டினால் ஆறிவிடாது.

1964-லேயே மோரிஸ் கிரீன், ஆல்பர்ட் சால்னிட் என்ற இரு மருத்துவர்கள் இதை விவரித்து ஒரு பெயரும் வைத்தார்கள். 'எளிதில் பாதிக்கப்படும் குழந்தை' என்ற நிலை. பாதிப்பு குழந்தையின் உடம்பில் இல்லை, பெற்றவர்கள் பார்வையில். சின்னத் தும்மலுக்கும் ஆஸ்பத்திரி, யாரிடமும் விடமாட்டார்கள், எதற்கும் கண்டிக்கமாட்டார்கள். பிள்ளையும் தன்னை நோஞ்சான் என்றே நினைத்து வளரும். நான் என் மகனை ஒன்றரை வயதுவரை மண்ணில் விடவில்லை. மண்ணுக்கும் ஜி6பிடிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

இந்தப் பயம் உங்களிடம் இருந்தால், மருத்துவரிடம் போய் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "டாக்டர், ரிசல்ட் நார்மல்னு தெரியும், ஆனா எனக்குப் பயம் போகலை. முதல் ரிசல்ட் ஏன் அப்படி வந்துச்சுன்னு சொல்லுங்க." காரணம் தெரிந்தால் பாதி போகும்.

ஜி6பிடி என்றால் அவரைக்காய், பீன்ஸ், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்த வேண்டுமா?

முக்கியமாகத் தவிர்க்க வேண்டியது ஃபாவா பீன்ஸ். வடக்கே பாக்லா என்பார்கள், சில நொறுக்குத்தீனிப் பாக்கெட்டுகளில் வறுத்து வரும். நம் அவரைக்காய் வேறு செடி. இந்தக் குழப்பத்தில் பிள்ளைக்குப் பருப்புச் சோறே கொடுக்காமல் இருந்த ஒரு வீட்டை எனக்குத் தெரியும். உங்கள் மருத்துவரிடம் பட்டியலை ஒருமுறை எழுதி வாங்குங்கள். நம் வீடுகளில் கவனிக்க வேண்டியவை இரண்டு: துணிக்கு நடுவில் போடும் அந்துருண்டை, கையில் வைக்கும் மருதாணி. பீரோவில் அந்துருண்டையோடு கிடந்த பழைய துணியைத் துவைக்காமல் குழந்தைக்குப் போடவே கூடாது.

முழு மரபணுவையும் படித்துச் சொல்கிறோம் என்கிறார்கள். செய்யலாமா?

இங்கிலாந்தில் 1 லட்சம் பச்சிளம் குழந்தைகளுக்கு இதைச் செய்து பார்க்கிறார்கள். 200-க்கும் மேற்பட்ட நோய்களைத் தேடுகிறார்கள், ஆனால் சிறுவயதிலேயே வந்து சிகிச்சையும் உள்ளவற்றை மட்டும். அந்த வரம்பு எனக்குச் சரியாகப் படுகிறது.

பாஸ்டன் ஆய்வில் வரம்பைப் பற்றி ஒரு சங்கடம் வந்தது. குழந்தைப் பருவ நோய்களை மட்டும் சொல்வதாகத்தான் ஆரம்பித்தார்கள். ஒரு குழந்தையிடம், பெரியவர்களான பிறகு மார்பகம், சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும், பிஆர்சிஏ2 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் தெரிந்தது. குழந்தைக்கு இப்போது அதனால் ஒன்றுமில்லை. ஆனால் அது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருக்கலாம். அவர் உயிரைக் காப்பாற்றக்கூடிய செய்தி. சொல்வதா, மறைப்பதா? பிறகு, பெற்றோர் சம்மதித்தால் அப்படிப்பட்டதையும் சொல்லலாம் என்று விதியை மாற்றினார்கள்.

மனசைப் பற்றிய அவர்கள் முடிவு ஆறுதலானது. 2021-இல் வெளியிட்டார்கள்: முடிவு தெரிந்து 3 மாதம், 10 மாதம் கழித்துப் பார்த்தபோது, மரபணு படித்த குழந்தைகளின் பெற்றோருக்கு நீடித்த பாதிப்பு பொதுவாகத் தெரியவில்லை. ஆனால் அவர்களுக்கு முடிவைச் சொன்னது மரபணு ஆலோசகரும் மருத்துவரும், நேரில் உட்கார வைத்து. அழைத்த குடும்பங்களில் பத்தில் ஒன்றுகூட அந்த ஆய்வில் சேரவில்லை என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். வந்தவர்கள் ஏற்கெனவே மனசளவில் தயாரானவர்கள்.

என் கருத்து: முடிவை உட்கார்ந்து விளக்க ஆள் இல்லாத இடத்தில் இந்தப் பெரிய பரிசோதனையைச் செய்யாதீர்கள். நூறு பக்கத் தாளை மெயிலில் அனுப்பிவிட்டுப் போகிறவர்களிடம் பணம் கட்டாதீர்கள்.

எப்போது மனநல உதவி தேவை?

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வரவில்லை, குழந்தை தூங்கும்போதும் தூங்க முடியவில்லை, குழந்தையைத் தொடவே பயம் அல்லது விருப்பமில்லை, தான் செத்துவிட்டால் தேவலை என்ற எண்ணம்: இதில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பின்வரும் மனச்சோர்வும் இந்தச் செய்தியும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் அரசுச் சேவை இருக்கிறது. தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

மருத்துவமனையில் வேலை செய்கிறேன். நான் எப்படிச் சொல்ல வேண்டும்?

கேட்டதற்கு நன்றி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேண்டாம், சனிக்கிழமை மறுபரிசோதனை செய்ய முடியாது என்றால். ஆனால் உடனே சிகிச்சை தேவைப்படும் நோய் என்றால் எந்த நேரமானாலும் சொல்லுங்கள். முதல் வாக்கியத்தில் கோளாறின் பெயர், இரண்டாவதில் அது உறுதியாகவில்லை என்பது, மூன்றாவதில் அடுத்து என்ன செய்ய வேண்டும். கூட யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள். சிவப்பு வரி போட்ட தாளை விளக்கம் இல்லாமல் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். குழந்தையின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பெயர் வைக்கவில்லை என்றால் "பாப்பா" என்று சொல்லுங்கள். 'சாம்பிள்' என்ற வார்த்தையைக் கேட்டபோது என் பிள்ளை ஒரு பொருளாகிவிட்ட மாதிரி இருந்தது.

குழந்தையிடம் எப்போது சொல்வது?

அவனுக்குப் புரிகிற வயதில், புரிகிற அளவுக்கு. நாங்கள் 4 வயதில் ஆரம்பித்தோம். "உன் ரத்தத்துக்குச் சில சாமான் ஆகாது, பாட்டிக்குக் கத்தரிக்காய் ஆகாத மாதிரி" என்று சொன்னேன். பள்ளியில் கொடுக்க ஓர் அட்டை எழுதி, அடையாள அட்டைக்குப் பின்னால் செருகிவிட்டோம். 6 வயதில் "ஏன் எனக்கு மட்டும்?" என்று கேட்டான். உனக்கு மட்டும் இல்லை, உலகத்தில் கோடிக்கணக்கான பேருக்கு இருக்கிறது என்றேன். "கிரிக்கெட் பிளேயர் யாருக்காவது இருக்கா?" என்றான். இருக்கும், ஆனால் யார் என்று எனக்குத் தெரியாது என்றேன். அது போதுமாக இருந்தது அவனுக்கு.

போன தீபாவளிக்குச் சித்தி வீட்டுக்குப் போயிருந்தோம். கைகழுவப் போனவன் பாதியிலேயே திரும்பி வந்து, வாசற்படியில் நின்று, சத்தமாகக் கேட்டான்: "சின்னப் பாட்டி, வாஷ்பேசின்ல அந்துருண்டை போட்டிருக்கீங்களா? எனக்கு அது ஆகாது. எடுத்துடுங்க, நான் வெயிட் பண்றேன்." சித்தி ஓடிப்போய் எடுத்துக் குப்பையில் போட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். அவன் அதற்குள் அதிரசத்தைக் கடித்துக்கொண்டு வாசலில் பட்டாசு பார்க்கப் போய்விட்டான்.